எழுத்தை நம்பி வாழ்ந்தவர்

நாவுக்கரசர் கல்லே தெப்பமாகக் கரையேறினார் என்று போற்றப்படும் தலம் திருப்பாதிரிப்புலியூர். கடலூர் நகரின் ஒரு பகுதியான அவ்வூரில் 1906 ஏப்ரல் 25ஆம் நாள் பிறந்தவர் சொ. விருத்தாசலம். தமிழுலகம் அவரைப் புதுமைப்பித்தன் என்றே அறியும்.

இளமையிலேயே தாயை இழந்தவர். தந்தையார் சொக்கலிங்கம் பிள்ளை அரசு அலுவலர். குடும்பம் சொந்த ஊரான திருநெல்வேலிக்குத் திரும்பியபின், அங்கே இந்துக் கல்லூரியில் 1931இல் பி.ஏ. தேறினார். மறு ஆண்டு கமலா அம்மையாரை மணந்தார். தந்தையின் வழியைப் பின்பற்றாமல், எழுத்தையே தொழிலாக வரித்துக்கொண்டு சென்னை சென்றார்.

'மணிக்கொடி' அவருக்குப் புகழ் தந்தது, சோறு தரவில்லை. 'தினமணி'யின் செய்தி மேசை ஊதியம் தந்தது, ஓய்வு தரவில்லை. கிடைத்த இடைவெளியில் எழுதியவையே இன்று நாம் போற்றும் கதைகள். வேளூர் கந்தசாமிப் பிள்ளை என்ற பெயரில் கவிதையும் புனைந்தார். 1943இல் ஆசிரியர் டி. எஸ். சொக்கலிங்கம் 'தினமணி'யை விட்டு விலகியபோது, இவரும் உடன் விலகினார்.

அதே காலத்தில் எழுதிய மௌனி, பின்னாளில் சிதம்பரத்தில் அரிசி ஆலை நடத்திக்கொண்டு, ஆயுள் முழுவதிலும் இருபத்துநான்கு கதைகளே தந்தார். ஆலை அவருக்குச் சோறு போட்டது. எழுத்தை அவர் விலை பேச வேண்டியிருக்கவில்லை. புதுமைப்பித்தனுக்கோ எழுத்தே ஆலை. 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில், தில்லைக் கூத்தனே சென்னைக்கு வந்து ஆடிக் காட்டியும் பிழைப்புக்கு வழி பிறக்கவில்லை. அந்த நகைப்பின் அடியில் இருப்பது ஆசிரியரின் சொந்தப் பசியன்றோ!

இறுதியில் திரைப்படத் துறையை நாடினார். 'ராஜமுக்தி' படத்துக்கு எழுதப் புனே சென்றவர், காசநோயோடு திரும்பினார். 1948இல் திருவனந்தபுரத்தில் மறைந்தபோது வயது நாற்பத்திரண்டு. 2002இல் தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமையாக்கியது.

நம் வட்டத்து அன்பர்கள் பலரும் மௌனியைப்போல் வேறொரு தொழிலின் நிழலில் நின்று எழுதுகிறோம். அதில் குறைவொன்றுமில்லை, மௌனியின் கதைகளே சான்று. ஆயினும், தமிழில் எழுதி வாழ முடியுமா என்ற கேள்விக்குத் தம் வாழ்வையே பணயம் வைத்தவர், நம் கெடில நதிக்கரையில் பிறந்தார் என்பதை மறவாதிருப்போம். கல் தெப்பமாகவில்லை, அவர் மூழ்கினார். எழுத்து மட்டும் கரையேறிவிட்டது.