தொலைக்காட்சி கண்ட ஜான் லோகி பெயர்டு

இங்கிலாந்தின் தென்கடற்கரையில் ஹேஸ்டிங்ஸ் என்னும் ஊர் உள்ளது. 1923ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உடல்நலம் குன்றிக் கைப்பொருளும் கரைந்த நிலையில், முப்பத்து நான்கு வயதுள்ள ஒருவர் அவ்வூருக்கு வந்து சேர்ந்தார். அதுவரை அவர் கைவைத்த தொழில்கள் பல. அவற்றுள் நிலைத்தது ஒன்றுமில்லை. எனினும், மூன்றே ஆண்டுகளில் அவர் லண்டன் மாநகரின் மாடியறை ஒன்றிலே அறிஞர் பலரைக் கூட்டி, ஓரறையில் இருந்த மனித முகத்தை மற்றோர் அறையில் அசைவோடு காணச் செய்தார். அவரே ஜான் லோகி பெயர்டு. தொலைக்காட்சி வரலாற்றின் முதற்பக்கங்களில் அவர் பெயர் இடம்பெற்றுள்ளது. அவர் வென்ற வரலாறும் அவர் தோற்ற வரலாறும் ஒருங்கே அறியத்தக்கவை.

இளமைப் பருவம்

ஸ்காட்லாந்து நாட்டில் கிளைடு ஆற்றின் கழிமுகத்தை ஒட்டியுள்ள ஹெலன்ஸ்பரோ என்னும் ஊரில், 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் பெயர்டு பிறந்தார். தந்தையார் கிறித்தவச் சமயகுரு. மக்கள் நால்வருள் பெயர்டே இளையவர். குழந்தைப் பருவத்திலேயே நோய் அவரைப் பற்றிக்கொண்டது. சளியும் குளிரும் அவரை வாழ்நாள் முழுதும் வாட்டின.

உடல் நலிந்திருந்தபோதும் உள்ளம் ஓய்ந்திருக்கவில்லை. சிறுவனாக இருந்தபோதே தம் வீட்டையும் நண்பர்தம் வீடுகளையும் கம்பிகளால் இணைத்துச் சிறிய தொலைபேசி இணைப்பகம் ஒன்றை அமைத்தார். ஒருநாள் இரவு வீசிய புயற்காற்றில் தெருவின் குறுக்கே சென்ற கம்பி தாழ்ந்து தொங்கியது. அவ்வழியே குதிரைவண்டி ஓட்டிவந்தவர் அதில் சிக்கிக் கீழே விழுந்தார். இணைப்பகம் அத்துடன் முடிவுக்கு வந்தது. பெயர்டு தளரவில்லை, எஞ்சிய கருவிகளைக் கொண்டு தம் வீட்டிற்கு மின்விளக்கு அமைக்கத் தொடங்கினார்.

பின்னர்க் கிளாஸ்கோ நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்பொறியியல் பயின்றார். தொடர்ந்து கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படிக்கும்போது முதல் உலகப்போர் மூண்டது. பட்டப்படிப்பு இடையிலே நின்றது. படையில் சேர முன்வந்த அவரை, உடல்தகுதி இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டனர்.

தொடர்ந்து வந்த தோல்விகள்

பெயர்டு மின்வழங்கும் நிறுவனம் ஒன்றில் பணியில் அமர்ந்தார். கரியே வைரமாகிறது என்னும் உண்மை அவர் நெஞ்சில் பதிந்திருந்தது. ஆதலால் கரித்துண்டு ஒன்றைக் காங்கிரீட்டினுள் புதைத்து, அதன்வழியே பெருமளவு மின்சாரத்தைச் செலுத்திப் பார்த்தார். வைரம் விளையவில்லை, அவ்வட்டாரத்தில் மின்தடை ஏற்பட்டதுதான் மிச்சம்.

எந்நேரமும் சில்லிட்டிருந்த தம் கால்களுக்காக அவர் உள்காலுறை ஒன்றை உருவாக்கினார். அது நன்கு விற்பனையாகி ஓரளவு பொருளும் ஈட்டித் தந்தது. ஆனால் நோய் குறுக்கிட்டது. வெப்பநாடு நலம் தரும் என்றெண்ணி, மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய டிரினிடாடுக்குக் கப்பலேறினார். அங்கே விளைந்த பழங்களைக் கொண்டு பழப்பாகு செய்ய முற்பட்டார். கொதிக்கும் பாகின் மணத்தை மோப்பம் பிடித்துக் காட்டுப் பூச்சிகள் திரண்டு வந்து பாகில் விழுந்தன. அத்தொழிலும் அழிந்தது. லண்டன் திரும்பிச் சோப்பு வாணிகம் செய்தார். மீண்டும் உடல் நலிந்தது. அந்நிலையில்தான் கடற்காற்று வேண்டி ஹேஸ்டிங்ஸ் நகரை அடைந்தார்.

அங்கும் அவர் சும்மா இருக்கவில்லை. துருப்பிடிக்காத சவரக்கத்தி வேண்டுமெனக் கண்ணாடியில் ஒன்றைச் செய்தார். அது அவர் முகத்தையே கீறியது. காலணிக்குள் காற்றடைத்த பைகளை வைத்து நடந்து பார்த்தார். நடுத்தெருவில் பை வெடித்தது. இவற்றையெல்லாம் கைவிட்ட பிறகே, மாணவப் பருவம் முதல் தம் மனத்தில் இருந்த ஒரு வினாவிடம் அவர் திரும்பி வந்தார். ஒலியை வானலையில் அனுப்ப முடியுமாயின், காட்சியை ஏன் அனுப்ப முடியாது என்பதே அவ்வினா.

துளைத்தட்டு செய்யும் பணி

இவ்வினாவிற்கான விடையின் பகுதிகள் பெயர்டுக்கு முன்பே கிடைத்திருந்தன. செலினியம் என்னும் தனிமத்தின்மீது ஒளி படும்போது அதன் மின்கடத்தும் திறன் மாறுகிறது என்பது 1873இல் வெளியாயிற்று. 1884இல் ஜெர்மானிய மாணவராகிய பவுல் நிப்கோ, துளைத்தட்டு ஒன்றிற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். வட்டமான தட்டில், விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சுருளாக அமைந்த துளைகள் இருக்கும். தட்டு சுழலும்போது ஒவ்வொரு துளையும் காட்சியின் குறுக்கே ஒரு கோடு வரைந்ததுபோல் கடந்து செல்லும். முதல் துளை ஒரு கோட்டை முடித்ததும், அடுத்த துளை அதனை ஒட்டிய கோட்டைத் தொடங்கும். இவ்வாறு முழுக்காட்சியும் கோடுகளாகப் பிரிக்கப்படும்.

துளைவழியே வரும் ஒளியின் ஏற்றத்தாழ்வை ஒளிமின்கலம் மின்னோட்டத்தின் ஏற்றத்தாழ்வாக மாற்றும். மறுமுனையில் உள்ள விளக்கு அம்மின்னோட்டத்திற்கு ஏற்பக் கூடியும் குறைந்தும் ஒளிரும். அவ்விளக்கின் முன் அதேபோன்ற மற்றொரு தட்டு அதே வேகத்தில் சுழலும். கண்ணில் விழுந்த ஒளி மறையச் சிறிது நேரமாகும்; ஆகவே விரைந்து தோன்றும் கோடுகள் ஒன்றாய் இணைந்து முழுப்படமாகத் தெரியும்.

நிப்கோ கண்ட இக்கருத்து நாற்பது ஆண்டுகள் தாளிலேயே கிடந்தது. ஒளிமின்கலம் தந்த மின்னோட்டம் மிக மெலிதாக இருந்ததே அதற்குக் காரணம். வானொலியின் வளர்ச்சியால் மின்பெருக்கிகள் வந்த பின்னரே அக்கருத்து செயலாகும் காலம் கனிந்தது.

விலையுயர்ந்த கருவிகள் வாங்கப் பெயர்டிடம் பணமில்லை. தேயிலைப் பெட்டி, தொப்பி வைக்கும் அட்டைப்பெட்டி, தையல் ஊசிகள், மிதிவண்டி விளக்கின் கண்ணாடி வில்லைகள், பிஸ்கட் தகரப்பெட்டி ஆகியவற்றை அரக்காலும் பசையாலும் கயிற்றாலும் பிணைத்து அவர் தம் கருவியை உருவாக்கினார். அதன்வழியே சிலுவை வடிவம் ஒன்றின் நிழலைச் சில அடி தொலைவுக்கு அனுப்பினார். 1924ஆம் ஆண்டு கோடையில், ஆயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் அவரைத் தாக்கித் தூக்கியெறிந்தது. கையில் தீப்புண்ணோடு உயிர் தப்பினார். இடத்தின் உரிமையாளரோ அறையைக் காலி செய்யுமாறு கூறிவிட்டார்.

முகம் தெரிந்தது

லண்டன் சென்ற பெயர்டு, சோகோ பகுதியில் பிரித் தெரு 22ஆம் எண் கட்டடத்தின் மாடியில் அறை எடுத்தார். 1925ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் செல்பிரிட்ஜ் பேரங்காடியில் மூன்று வாரம் தம் கருவியை மக்களுக்குக் காட்டினார். அப்போது தெரிந்தவை நிழலுருவங்களே. மூக்கும் கண்ணும் வாயும் அறியத்தக்க முகத்தைக் காட்டுவதே அவர் வேட்கையாக இருந்தது.

வெளிச்சமும் வெப்பமும் மிகுந்த விளக்குகளின் முன் மனிதர் நெடுநேரம் அமர இயலாது. ஆகவே ஸ்டூக்கி பில் என்று பெயரிட்ட பொம்மைத்தலை ஒன்றையே அவர் கருவியின் முன் வைத்து உழைத்தார். 1925ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், அதுவரை வெறும் வெள்ளைத் திட்டாய்த் தெரிந்த பொம்மையின் முகம், ஒளியும் நிழலும் பிரிந்து தெளிந்து தோன்றியது. மகிழ்ச்சி தாளாமல் பெயர்டு மாடிப்படி இறங்கி ஓடினார். கீழ்த்தளத்து அலுவலகத்தில் பணிபுரிந்த வில்லியம் டெயின்டன் என்னும் இளைஞரை அழைத்துவந்து பொம்மை இருந்த இடத்தில் அமர்த்தினார். அடுத்த அறைக்குச் சென்று பார்த்தபோது திரையில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்து பார்த்தார். இளைஞர் விளக்குகளின் வெம்மைக்கு அஞ்சிப் பின்னே நகர்ந்திருந்தார். அவர் கையில் சிறிது காசு கொடுத்து மீண்டும் அமரச் செய்தார் பெயர்டு. இம்முறை முகம் தெரிந்தது.

1926ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் மாலை, ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியற் கழகத்தின் உறுப்பினர்கள் அக்குறுகிய மாடிப்படிகளில் ஏறி வந்தனர். அறை சிறிதாகையால் சிலர் சிலராகவே உள்ளே சென்று பார்க்க முடிந்தது. கண்டது முப்பது கோடுகளால் ஆன சிறிய, மங்கிய, நடுங்கும் படமே. ஆயினும் அது உயிருள்ள முகம் என்பதில் ஐயம் எவருக்கும் எழவில்லை.

கடல் கடந்த காட்சி

அதன்பின் வெற்றிகள் விரைந்து வந்தன. 1927ஆம் ஆண்டு மே மாதம் லண்டனிலிருந்து கிளாஸ்கோ வரை, சுமார் 700 கிலோமீட்டர் தொலைவு, தொலைபேசிக் கம்பிவழியே படத்தை அனுப்பினார். 1928ஆம் ஆண்டு பிப்ரவரியில் வானொலி அலைவழியே அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து நியூயார்க் அருகே படம் தெரிந்தது. அதே ஆண்டு ஜூலையில் வண்ணப்படத்தையும் காட்டினார்.

1929ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் பி.பி.சி. நிறுவனத்தின் ஒலிபரப்பி வழியே பெயர்டின் சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. கிடைத்தது ஒரே அலைவரிசை. ஆதலின் முதலில் உருவம் தெரியும், பின்னர் அவர் பேச்சு கேட்கும். இரண்டும் ஒருங்கே வரத் தொடங்கியது 1930ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில்தான். அவ்வாண்டு ஜூலையில் நாடகம் ஒன்றும் ஒளிபரப்பாயிற்று. நியான் விளக்கின் செம்மஞ்சள் ஒளியில் தோன்றிய அச்சிறு படத்தைக் காண மக்கள் கருவியின்மீது குனிந்து கண்ணை ஊன்றிப் பார்த்தனர்.

இரு முறைகளின் போட்டி

இதற்கிடையே வேறொரு வழியும் உருவாகி வந்தது. அமெரிக்காவில் பைலோ பார்ன்ஸ்வொர்த் என்னும் இளைஞர், சுழலும் தட்டு ஏதுமின்றி, வெற்றிடக் குழாயினுள் எலக்ட்ரான்களைக் கொண்டே 1927இல் படம் அனுப்பினார். எலக்ட்ரானுக்கு எடை மிகமிகக் குறைவு. அதனை எவ்வளவு விரைவாகவும் திருப்பலாம். இரும்புத் தட்டை அவ்வாறு சுழற்ற முடியாது. தெளிவு வேண்டுமெனில் கோடுகள் மிக வேண்டும். கோடுகள் மிகுந்தால் தட்டு பெருக்கவும் விரையவும் வேண்டும். அதற்கொரு வரம்பு உண்டு. பெயர்டு அவ்வரம்பை நோக்கியே ஓடிக்கொண்டிருந்தார்.

1936ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் லண்டன் அலெக்சாண்டிரா அரண்மனையிலிருந்து பி.பி.சி. தன் முறையான தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியது. பெயர்டு நிறுவனத்தின் 240 கோட்டு முறையும், மார்க்கோனி இ.எம்.ஐ. நிறுவனத்தின் 405 கோட்டு எலக்ட்ரான் முறையும் ஒன்று மாற்றி ஒன்றாகப் பயன்படுத்தப்பட்டன. பெயர்டு முறையில் காட்சியை முதலில் பிலிமில் பிடித்து, உடனுக்குடன் கழுவி, அதன்பின் ஒளிபரப்ப வேண்டும். அந்தக் காமிராவை இருந்த இடத்திலிருந்து நகர்த்த இயலாது. எலக்ட்ரான் காமிராவோ விரும்பிய இடத்திற்குச் சென்றது.

அந்நவம்பர் 30ஆம் நாள் இரவு, பெயர்டு நிறுவனத்தின் ஆய்வுக்கூடங்கள் இருந்த கிரிஸ்டல் அரண்மனை தீப்பற்றி எரிந்தது. பல ஆண்டு உழைப்பு ஓரிரவில் சாம்பலாயிற்று. 1937ஆம் ஆண்டு பிப்ரவரியில் பெயர்டு முறையைக் கைவிடுவதாக அறிவிப்பு வந்தது. தாம் தொடங்கிவைத்த தொலைக்காட்சியில் தமக்கே இடமில்லை என்னும் நிலையை அவர் ஏற்க வேண்டியதாயிற்று.

இறுதிக் காலம்

தோல்வி அவரை முடக்கவில்லை. அவர் கொள்கையை மாற்றியது. தட்டைப் பற்றிக்கொண்டிருந்த அவர், இப்போது எலக்ட்ரான் குழாயைக் கைக்கொண்டார். இரண்டாம் உலகப்போரால் ஒளிபரப்பு நின்றிருந்த காலத்தில், குண்டுகள் விழுந்த லண்டனில், பெரும்பாலும் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு வண்ணத் தொலைக்காட்சி ஆய்வைத் தொடர்ந்தார். 1944ஆம் ஆண்டு ஆகஸ்டில், சுழலும் பகுதி ஏதுமின்றி எலக்ட்ரான்களாலேயே வண்ணப்படம் காட்டும் குழாய் ஒன்றைச் செய்தியாளர்களுக்குக் காட்டினார்.

போர் முடிந்து 1946ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் பிரித்தானியத் தொலைக்காட்சி மீண்டும் தொடங்கியது. சரியாக ஒரு வாரம் கழித்து, ஜூன் 14ஆம் நாள், பெக்ஸ்ஹில் என்னும் கடற்கரை ஊரில் பெயர்டு காலமானார். பிழைக்க வழிதேடி இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் வந்திறங்கிய ஹேஸ்டிங்ஸ், அங்கிருந்து சில கல் தொலைவிலேயே உள்ளது.

பெயர்டு 1927, 1928ஆம் ஆண்டுகளில் தம் படங்களின் மின்குறிகளை இசைத்தட்டுகளில் பதித்து வைத்தார். அவற்றை மீண்டும் படமாக்க அவர் காலத்தில் இயலவில்லை. பல பத்தாண்டுகள் கழித்துக் கணினியின் துணையால் அவை மீட்கப்பட்டன. அவற்றுள் மிகப் பழைய தட்டில் இருந்தது, பெயர்டின் விளக்குகளின் முன் சலியாமல் அமர்ந்திருந்த அந்தப் பொம்மையின் முகமே.

சொற்பொருள்

கழிமுகம் – ஆறு கடலோடு கலக்குமிடம்
பழப்பாகு – பழத்தைச் சர்க்கரையுடன் காய்ச்சிச் செய்யும் உணவு
வேட்கை – மிகுந்த விருப்பம்
ஐயம் – சந்தேகம்
வரம்பு – எல்லை

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பெயர்டு அமைத்த தொலைபேசி இணைப்பகம் ஏன் மூடப்பட்டது?
2. நிப்கோவின் கருத்து நாற்பது ஆண்டுகள் செயல்படாமல் இருந்ததற்குக் காரணம் யாது?
3. இளைஞர் டெயின்டனின் முகம் முதலில் திரையில் தெரியாதது ஏன்?

ஆ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. துளைத்தட்டு காட்சியைப் படமாக்கும் முறையை விளக்குக.
2. எலக்ட்ரான் முறை பெயர்டின் முறையை வென்றதற்கான காரணங்களை எழுதுக.

இ. சிந்தித்து எழுதுக.
தாம் கண்ட வழியை விடாமல் பற்றுவதும், தக்க நேரத்தில் அதனைக் கைவிடுவதும் ஆகிய இரண்டில் பெயர்டுக்கு உதவியது எது? பாடத்திலிருந்து சான்று காட்டுக.