மகனைக் காப்பாற்ற முடியாத மெக்கானிக், பனியில் ஓடும் வண்டியை உருவாக்கிய கதை: யார் இந்த பொம்பார்டியே?

1934 குளிர்காலம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்றொரு சிற்றூர். இரண்டு வயதுக் குழந்தை இவோனுக்குக் கடும் வயிற்றுவலி. குடல்வால் வீங்கி, தொற்று வயிற்றுக்குள் பரவியிருந்தது. மருத்துவமனையோ சுமார் 50 கி.மீ. தள்ளி ஷெர்புரூக் நகரத்தில். சாலையைப் பனி மூடிக் கிடந்தது. கார் போக வழியே இல்லை. குழந்தை இறந்துபோனது.

இதில் கொடுமை என்னவென்றால், பனியில் ஓடும் வண்டி ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று பல வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர்தான் அந்தக் குழந்தையின் அப்பா. ஊரில் சொந்தமாக கராஜ் வைத்திருந்தார். அன்றைக்கு அந்த கராஜில் ஓடுகிற நிலையில் ஒரு பனி வண்டிகூட இல்லை.

அவர் பெயர் ஜோசப் அர்மான் பொம்பார்டியே. நம்மூர் உச்சரிப்பில் பம்பார்டியர். டெல்லி மெட்ரோவில் ஓடும் ரயில் பெட்டிகளில் பல அந்தப் பெயரைத் தாங்கிய கம்பெனி தயாரித்தவை. ஆனால் அவர் ரயிலையும் நினைக்கவில்லை, விமானத்தையும் நினைக்கவில்லை. அவருக்கு இருந்தது ஒரே பிரச்சினை: பனி.

அப்பா பிரிக்கச் சொன்ன வண்டி

1907 ஏப்ரல் 16-ல் பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் மூத்தவர். கடிகாரத்தின் உள்பாகங்களைக் கழற்றி பொம்மை வண்டிகளை ஓடவிடுவது சின்ன வயசுப் பொழுதுபோக்கு. வீட்டில் இருந்த நல்ல கடிகாரங்களுக்கு ஆபத்து வரும்போல் இருந்ததாலோ என்னவோ, அப்பா ஒரு பழைய ஃபோர்டு மாடல் டி இன்ஜினைக் கொடுத்து வைத்தார்.

1922 டிசம்பர் 31. ஊரே புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் இருக்க, 15 வயது அர்மானும் தம்பி லியோபோல்டும் ஒரு விநோத வண்டியோடு தெருவுக்கு வந்தார்கள். சறுக்குவண்டி மேல் ஃபோர்டு இன்ஜின், பின்னால் கையால் செதுக்கிய மர விசிறி. விமானத்தில் சுழலுமே, அதே மாதிரி. பயங்கர இரைச்சலோடு வண்டி ஓடியது. மூடாத விசிறியில் யார் கையாவது மாட்டினால் என்ன ஆகும்? அப்பா உடனே பிரித்துப் போடச் சொல்லிவிட்டார். பெற்றவர் பயத்தில் நியாயம் இருந்தது.

பையனைப் பாதிரியாராக்கிப் பார்க்கத்தான் வீட்டுக்கு ஆசை. ஷெர்புரூக்கில் இருந்த குருமடப் பள்ளிக்கும் அனுப்பினார்கள். மனசு ஒட்டவில்லை. அப்பாவிடம் பேசிச் சம்மதம் வாங்கி வெளியே வந்து, கராஜ்களில் தொழில் கற்றார். 1926-ல், 19 வயதில், வால்கூரில் சொந்த கராஜ். மெக்கானிக் வேலைக்கும் மின்சாரத்துக்குமான பாடங்களை அஞ்சல் வழியில் படித்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில் கியூபெக் கிராமச் சாலைகளில் பனியை அள்ள ஆளில்லை. குளிர்காலம் வந்தால் கார்களை ஷெட்டில் ஏற்றி நிறுத்திவிட்டு, மக்கள் மறுபடியும் குதிரைக்கு மாறிவிடுவார்கள். கராஜுக்கு வேலை இருக்காது. அந்த ஓய்வில்தான் அர்மான் வருஷா வருஷம் ஒரு வண்டியைச் செய்து பார்ப்பார்.

சிக்கல் எங்கே இருந்தது?

மெரினா மணலில் சைக்கிள் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். சக்கரம் தரையைத் தொடும் இடம் ரொம்பக் குறைவு. மொத்த எடையும் அந்தச் சின்ன இடத்தில் இறங்குவதால் புதைகிறது. டாங்கி மாதிரி நீளமான பட்டையைப் போட்டால் எடை பரவும், புதையாது. ஆனால் இரும்புப் பட்டை கனம். போதாக்குறைக்கு, பட்டைக்கும் பல் சக்கரத்துக்கும் நடுவே பனி புகுந்து, இறுகி, கட்டியாகிவிடும். அதன்பின் வண்டி நகராது. ஒருவர், இருவர் போகிற குட்டி வண்டிகளையும் முயன்றார். அன்றைய இன்ஜின்கள் அதற்குத் தாங்காத எடை.

மகன் இறந்த மறு வருஷம், 1935-ல், விடை கிடைத்தது. பல் சக்கரத்துக்கு ரப்பர் உறை போட்டார். பட்டையையும் ரப்பரும் பருத்தித் துணியும் சேர்த்துச் செய்தார். எடை குறைந்தது, பனி ஒட்டிக்கொள்வதும் குறைந்தது. 1937-ல் காப்புரிமை கிடைத்தது. கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். கிட்டத்தட்ட பத்து வருஷ உழைப்பு அது.

அந்த அமைப்போடு வந்த பி-7 வண்டியில் ஏழு பேர் போகலாம். முன்னால் சறுக்குக் கட்டைகள், பின்னால் ரப்பர் பட்டை. வாங்கியவர்களில் கிராமத்து டாக்டர்கள் உண்டு, பாதிரியார்கள் உண்டு, ஓட்டல்காரர்கள் உண்டு. அடுத்து வந்த பி-12 ஆம்புலன்ஸ் ஆனது, தபால் வண்டி ஆனது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் பெரிய வண்டியும் வந்தது. இவோனுக்குக் கிடைக்காத வண்டி, மற்ற ஊர்க் குழந்தைகளின் வாசலுக்குப் போய் நின்றது.

ஒரு சட்டம், ஒரு அடி

1942-ல் முறைப்படி கம்பெனி பதிவானது. போர்க்காலத்தில் ராணுவத்துக்கும் வண்டிகள் செய்து கொடுத்தார். 1948-ல் விழுந்தது அடி: கிராமச் சாலைகளிலும் பனியை அகற்ற வேண்டும் என்று கியூபெக் அரசு சட்டம் போட்டது. மக்களுக்கு நல்ல செய்தி. பொம்பார்டியேவுக்கு? சாலை திறந்துவிட்டால் பனி வண்டி எதற்கு? விற்பனை கடுமையாகச் சரிந்தது.

அவர் புலம்பிக்கொண்டு உட்காரவில்லை. பனி போனால் என்ன, சேறு இருக்கிறதே! சதுப்பு நிலத்தில் போகக்கூடிய மஸ்கெக் என்ற டிராக்டரை 1953-ல் கொண்டுவந்தார். காட்டு வேலைக்கும் எண்ணெய்த் தேடலுக்கும் அது நன்றாகப் போனது. தொழில் பிழைத்தது.

இதற்குள் இன்ஜின்கள் சிறுத்துவிட்டன. மூத்த மகன் ஜெர்மேன், மூட்டே இல்லாத ஒரே துண்டு ரப்பர் பட்டையை உருவாக்கினார். இளமையில் கைவிட்ட குட்டி வண்டியை அப்பா மறுபடி கையில் எடுத்தார். 1959-ல் சந்தைக்கு வந்தது ஸ்கிடூ. நாய் வண்டிகளுக்குப் பதில் என்பதால் முதலில் யோசித்த பெயர் ஸ்கி-டாக். அச்சுப் பிழையில் ஸ்கிடூ ஆனது என்று ஒரு கதை உண்டு. வடக்கே பழங்குடி மக்களிடையே பணியாற்றிய பாதிரியார், காட்டில் பொறி வைப்பவர், நில அளவையாளர் போன்றவர்களுக்காகத்தான் அதை அவர் மனசில் வைத்திருந்தார். ஜனங்களோ அதை ஜாலிக்கு ஓட்ட வாங்கினார்கள்! அவர் அதைப் பெரிதாக விளம்பரப்படுத்தத் தயங்கினார். 1948 அனுபவம் அப்படி. ஒரே பொருளை நம்பி மொத்தக் கம்பெனியையும் வைக்கக் கூடாது என்ற எச்சரிக்கை. 

1964 பிப்ரவரி 18-ல் புற்றுநோயால் இறந்தபோது வயது 56. ரயில், விமானம் எல்லாம் பிறகு வந்தவர்கள் செய்தது. ஸ்கிடூ பிரிவு 2003-ல் தனிக் கம்பெனியாகப் பிரிந்தது. அவருடைய பழைய கராஜ் இப்போது வால்கூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இன்றும் தீராத தலைவலி

பனி ஒட்டும் தொல்லை மட்டும் இன்னும் ஓயவில்லை. இடம்தான் மாறியிருக்கிறது: கால் வைக்கும் பலகை. நம்மூர் பஸ் ஃபுட்போர்டு மாதிரி, வண்டியின் இரு பக்கமும் நீளமாக ஓடும் அலுமினியத் தட்டு. ஆங்கிலத்தில் ரன்னிங் போர்டு என்பார்கள். மலைச்சரிவில் ஓட்டுகிறவர் பெரும்பாலும் நின்றபடியே ஓட்டுவார். ஒரு பலகையிலிருந்து இன்னொன்றுக்கு எடையை மாற்றித்தான் வண்டியைச் சாய்ப்பார். பூட்ஸுக்கு அடியில் பனி சேர்ந்து, வண்டியின் சூட்டில் இளகி, திரும்ப உறைந்து ஐஸாகிவிட்டால் கால் வழுக்கும். சரிவில் வழுக்கினால் வண்டியும் ஆளும் கீழேதான்.

அதனால் பலரும் கம்பெனி கொடுத்த பலகையை மாற்றிவிடுகிறார்கள். பனி கீழே கொட்டிவிடும் அளவுக்குப் பெரிய ஓட்டைகளும், பூட்ஸைக் கவ்வும் பல் விளிம்பும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவார்கள். ஓட்டை பெரிதானால் பனி நிற்காது, எடையும் குறையும். ஆனால் கல்லில், மரக்கட்டையில் மோதினால் வளையாத பலமும் வேண்டும். எல்லா வண்டிக்கும் ஒரே பலகை பொருந்தாது என்பதால் மாடலையும் வருஷத்தையும் சரிபார்த்தே வாங்க வேண்டும்.

மாட்டுவது பொறுமை கேட்கும் வேலை. பழைய ரிவெட்களை டிரில் போட்டு எடுத்து, பலகையை அறுத்து நீக்கி, விளிம்பை அரத்தால் தேய்த்த பிறகே புதியதைப் பொருத்த முடியும். பல வண்டிகளில் பக்கத்திலேயே இன்ஜினைக் குளிர்விக்கும் திரவக் குழாய் ஓடுகிறது. டிரில் கொஞ்சம் ஆழமாகப் போனால் குழாயில் ஓட்டை விழும். ஆகவே பனி விழ ஆரம்பிக்கும் முன்னாடியே, கராஜில் நிதானமாக உட்கார்ந்து இந்த வேலையை முடித்துவிடுவதுதான் நல்லது.