பெஞ்சமின் ராபின்ஸ்

விழுப்புரத்தினின்று தென்கிழக்கே கடலூருக்குச் செல்லும் நம்மவர் பலர் தேவனாம்பட்டினத்துக் கடற்கரையைக் கண்டிருப்பர். ஆங்குக் கெடில நதி கடலொடு கலக்குமிடத்தருகே செயிண்ட் டேவிட் கோட்டையின் சிதைவுகள் உள. துப்பாக்கிக் குண்டு குறி தவறுவதேன் என்பதைச் சோதனையால் ஆராய்ந்த கணிதப் புலவர் பெஞ்சமின் ராபின்ஸ் உயிர் நீத்த இடம் அதுவே.

இவர் 1707-ஆம் ஆண்டு இங்கிலாந்திலுள்ள பாத் நகரிற் பிறந்தார். பெற்றோர் போரை முற்றும் வெறுக்கும் குவேக்கர் சபையினர். அத்தகைய குடியிற் பிறந்தவர் பீரங்கி நூல் வல்லுநராயினமை வியப்பே. அதனைக் குறையெனக் கூறவும், நிறையெனப் புகழவும் யாம் துணிகிலேம். 1727-இல் அரச சங்கத்தின் அங்கத்தினராயினார். அப்போது அவருக்கு வயது இருபதளவே.

1742-இல் அவர் வெளியிட்ட பீரங்கி நூல் பழங்கொள்கைகளைத் தகர்த்தது. கனத்த மரக்கட்டையைத் தொங்கவிட்டு, அதன்மேற் குண்டைச் செலுத்தி, கட்டை ஊசலாடும் அளவினின்று குண்டின் வேகத்தைக் கணித்தார். விரைந்து செல்லும் குண்டைக் காற்று எதிர்க்கும் வலி, அக்குண்டின் எடையினும் நூறு மடங்கிற்கு மேற்பட்டதெனக் கண்டார். காற்றைப் பொருட்படுத்தாதிருந்தோர் திகைத்தனர். 1745-இல் ஆய்லர் என்னும் பெருங்கணிதர் அந்நூலை விரிவுரையுடன் ஜெர்மன் மொழியிற் பெயர்த்தார்.

குண்டு பக்கம் விலகுவதற்குக் காரணம் அதன் சுழற்சியே என்பது ராபின்ஸின் துணிபு. குழாயின் முனையை இடப்புறம் வளைத்துச் சுட்டார். வழியில் நிறுத்திய மெல்லிய தாள் திரைகளில் துளைகள் வரிசையாக விழுந்தன. முதலில் இடப்புறம் சென்ற குண்டு, பின்னர் வலப்புறம் திரும்பியதை அத்துளைகள் காட்டின. குழாயின் வலச்சுவரில் உராய்ந்து சுழன்றமையால் காற்று அதனை ஒருபுறம் தள்ளிற்று. ஆய்லரோ இதனை ஏற்றிலர். குண்டின் வடிவக் குறையே காரணமென்றார். ஈண்டு உண்மை ராபின்ஸின் பக்கமே. எனினும் இவ்விளைவு, 1852-இல் ஆராய்ந்த மாக்னஸ் என்பார் பெயராலேயே பெரிதும் வழங்குகின்றது!

குழாயினுள் திருகுபுரியாகப் பள்ளம் வெட்டினால் குண்டு தான் செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு சுழலும். ஒருபுறத் தள்ளுதல் நீங்கும். புரித்துப்பாக்கி முன்னரே இருந்ததாயினும் அதன் நன்மைக்குரிய காரணத்தை 1747-இல் விளக்கியவர் இவரே. உருண்டைக்கு மாறாக முட்டை வடிவக் குண்டையும் பரிந்துரைத்தார். நீண்ட குண்டிற்குப் பிறிதோர் இடர் உண்டு. காற்றின் அழுத்தம் எடைமையத்திற்கு முன்னே தாக்குவதால், சுழற்சி போதாதாயின் அது தலைகுப்புறப் புரளும். இலக்குத் தாளில் வட்டத்துளைக்கு மாறாக நீள்துளை விழும். அது கண்டவர் முதலில் ஆராய வேண்டுவது குழாயின் முறுக்கையே. 1879-இல் கிரீன்ஹில் இதற்குக் கணக்கு வகுத்தார்: விட்டத்தின் வர்க்கத்தை 150-ஆற் பெருக்கி நீளத்தால் வகுத்தால், ஒரு முழுச்சுற்றுக்குரிய குழாய் நீளம் கிட்டும். 7.62 மில்லிமீட்டர் விட்டமும் 30 மில்லிமீட்டர் நீளமும் உடைய ஈயக்குண்டிற்கு அது ஏறத்தாழ 290 மில்லிமீட்டர். குண்டு நீள நீள, முறுக்கு நெருங்கவேண்டும்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக 1750 ஜூலையில் ராபின்ஸ் செயிண்ட் டேவிட் கோட்டையை அடைந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் திண்டிவனத்திற்கு மேற்கேயுள்ள செஞ்சிக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். அதே மாதத்தில் ராபின்ஸைக் காய்ச்சல் பற்றிற்று. தேறியெழுந்து, இக்கோட்டைக்கும் சென்னைக் கோட்டைக்கும் அரண்வரைவுகள் அமைப்பதில் முனைந்தார். ஆயினும் 1751 ஜூலை 29-இல், நாற்பத்து நான்கு வயதளவில் மறைந்தார். 1758-இல் லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி அக்கோட்டையைப் பிடித்து அதன் அரண்களைத் தகர்த்தார்.