உடையவரும் அவர்தம் திருக்கூட்டமும்

தனித்திருக்கும்போது நல்லவனாக இருப்பது அத்துணை அரிதன்று. பலரோடு கூடியிருக்கும்போதும் நல்லவனாக இருப்பதே அரிது. திருவள்ளுவர் சிற்றினஞ் சேராமைக்கென ஓர் அதிகாரமே வகுத்து, அறிவு மனத்திலிருந்து வருவதுபோல் தோன்றினும் சேர்ந்த இனத்திலிருந்தே வருகிறது என்று தெளிவுறுத்தினார். அவ்வுண்மைக்கு விளக்கமாக அமைந்த வாழ்வொன்று நம் திருவரங்கத்திலேயே நிகழ்ந்தது. அது இராமாநுசரின் வாழ்வு.

அவர் 1017இல் திருப்பெரும்பூதூரில் தோன்றி, 1137இல் திருவரங்கத்தில் மறைந்தார் என்பது வைணவ மரபு. காஞ்சியில் யாதவப்பிரகாசரிடம் பயின்று, அவரோடு கருத்து மாறுபட்டுப் பிரிந்தார். ஆளவந்தாரைக் காணத் திருவரங்கம் வந்தபோது அவருடைய திருமேனியையே கண்டார். பின்னர்த் துறவு பூண்டு அரங்கத்துக்கு வந்து, திருக்கோயில் ஆட்சியையும் மடத்தின் தலைமையையும் ஏற்று, உடையவர் எனப் பெயர் பெற்றார்.

அவர் எதிர்கொண்ட முதற்பணி நூல் எழுதுவதன்று. மனிதரை ஒழுங்கு செய்வது. பெருங்கோயில் என்பது பல குழுக்களின் இருப்பிடம். ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் உரிமை. ஒவ்வோர் உரிமைக்கும் ஒரு பொறாமை. உடையவர் கோயிற் பணியாளரைப் பத்துக் கொத்தாகப் பகுத்து, அவரவர்க்குரிய கடமையை வரையறுத்தார் எனக் கோயிலொழுகு கூறுகிறது. பழைய பழக்கத்தில் ஊறியவர்களுக்கு இது கசந்தது. அவர் ஏற்ற பிச்சையில் நஞ்சு கலக்கும் அளவுக்கு அக்கசப்பு முற்றியதென்றும், பிச்சையிட்ட பெண்மணி வழக்கத்துக்கு மாறாக அவர் காலில் விழுந்து வணங்க, அவர் குறிப்பறிந்து உண்ணாதொழிந்தார் என்றும் குருபரம்பரை கூறும். கணவனும் அவனைச் சார்ந்தோரும் ஒரு பக்கம் நிற்க, அவ்வொருத்தி மட்டும் தன் மனச்சான்றின் பக்கம் நின்றாள்.

எதிர்ப்பு அணியிலிருந்து வந்தவருள் நம் போன்ற பாவலர் மறக்கலாகாத ஒருவர் உண்டு. பெரிய கோயில் நம்பி என்பார் கோயிலின் திறவுகோலும் புராணம் வாசிக்கும் உரிமையும் தம் கையில் வைத்திருந்தார். கூரத்தாழ்வானின் தொடர்பால் அவர் மனம் மாறியது. உரிமைகளை உடையவரிடம் ஒப்படைத்தார். அவரே திருவரங்கத்தமுதனார். 108 பாக்கள் கொண்ட இராமாநுச நூற்றந்தாதியைப் பாடி, பாட்டுத்தோறும் அப்பெயரை வைத்துப் போற்றினார். திறவுகோலை விட்டகன்ற கை எழுத்தாணியை ஏந்தியது. அந்நூல் நாலாயிரத்தோடு சேர்ந்து நிலைத்தது.

உறையூர் மல்லரான உறங்காவில்லியின் கதை யாவரும் அறிந்ததே. மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் ஆழ்ந்து, திருவிழாக் கூட்டத்தில் அவளுக்குக் குடைபிடித்து நடந்தவரை உடையவர் அழைத்து, அரங்கன் கண்ணழகைக் காட்டி ஆட்கொண்டார். கணவனும் மனைவியும் அரங்கத்திலேயே தங்கினர். காவிரியில் நீராடி மீளும்போது உடையவர் அந்தணரல்லாத அத்தாசரின் கையைப் பற்றி வந்தது பிற சீடர் சிலரை உறுத்தியது. முணுமுணுப்பு மெல்லப் பரவியது. ஒருவர் மனத்தில் இருந்தவரை வெட்கப்பட்டு ஒளிந்திருந்த எண்ணம், பத்துப்பேர் வாயில் வந்ததும் நியாயம்போல் நிமிர்ந்து நின்றது.

உடையவர் உபதேசம் செய்யவில்லை. இரவில் கொடியில் உலர்ந்த சீடர்களின் ஆடைகளைக் கிழித்து வைக்கச் செய்தார். விடிந்ததும் ஒருவரையொருவர் ஐயுற்று, துறவியின் மடத்தில் சொல்லத்தகாத சொற்களை வீசினர். பின்னர், தாசரைத் தம்மிடம் பேச்சில் நிறுத்திக்கொண்டு, அதே சீடர்களை அவர் இல்லத்துக்கு அனுப்பி, உறங்கும் பொன்னாச்சியின் நகைகளைக் கழற்றி வரப் பணித்தார். அவர்கள் ஒரு பக்கத்து நகைகளைக் கழற்றினர். உறங்குவதுபோல் கிடந்த அவ்வம்மை மறுபக்கத்து நகைகளையும் எடுத்துக்கொள்ளட்டும் எனப் புரண்டு படுத்தாள். வந்தவர் அஞ்சி ஓடினர். வீடு திரும்பிய தாசர், நீ அசையாதிருந்திருந்தால் அவையும் அடியார்க்கு ஆகியிருக்குமே என்று மனைவியைக் கடிந்தார். மறைந்திருந்து கேட்டவர் மடத்துக்கு வந்து நடந்ததைச் சொல்ல, உயர்வு யாரிடம் என்பதை அவர்களே தீர்மானிக்க விட்டார் ஆசான்.

துருக்கியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உளவியலறிஞர் முசாபர் செரீப் 1954இல் ஓக்லகோமாவில் 22 சிறுவர்களை இரு அணியாகப் பிரித்து முகாமில் வைத்து ஆராய்ந்தார். போட்டி வந்ததும் பகை மூண்டது; இரு அணியும் சேர்ந்தாலன்றி முடியாத வேலைகளைத் தந்ததும் பகை தணிந்தது. அறிவியல் முகாமிட்டு அறிந்ததை உடையவர் ஆடைக்கொடியில் அறிந்திருந்தார்.

ஆயினும் கூட்டம் என்றாலே தாழ்வு என்று முடிவு கட்டிவிட இயலாது. சோழ மன்னன் ஒருவனின் நெருக்குதலால் உடையவர் அரங்கம் விட்டு மேற்கே சென்று மேல்கோட்டையில் தங்கினார். அம்மன்னன் எவன் என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்தில்லை. அவருக்கு மாறாக அரசவை சென்ற கூரத்தாழ்வான் கண்ணிழந்து திரும்பினார். கோயில் வாயிலில், இராமாநுசரைச் சார்ந்தோர்க்கு உள்ளே இடமில்லை என்று தடை இருந்தது. காவலருள் ஒருவர், ஆழ்வான் நற்குணம் உடையவராதலால் விடலாம் என்றார். ஆழ்வான் உள்ளே செல்லவில்லை. தம் ஆசானின் உறவை விலக்கிவிட்டு, தம் நற்குணத்துக்காகக் கிடைக்கும் அரங்கன் காட்சியும் தமக்கு வேண்டா எனத் திரும்பி, திருமாலிருஞ்சோலைக்குச் சென்றார். ஆடைக்காகச் சண்டையிடச் செய்ததும் கூட்டப்பற்றே. அரங்கனையே துறக்கச் செய்ததும் கூட்டப்பற்றே. முன்னதில் கூட்டம் பிறரைத் தள்ளியது. பின்னதில் ஒருவர் தம் நலத்தையே தள்ளினார். இவ்வேறுபாடே நாம் கருதத்தக்கது.

உடையவர் மீண்டும் அரங்கம் வந்து, எஞ்சிய நாளை இங்கேயே கழித்தார். அவர் திருமேனி இன்றும் கோயிலினுள் தனிச் சந்நிதியில் வணங்கப்படுகிறது. அவரையே முதல்வராகக் கொண்டவர்கள் பின்னாளில் வடகலை, தென்கலை எனப் பிரிந்து, திருமண்காப்புக்காகவும் முதன்மைக்காகவும் நீதிமன்றம் வரை சென்றதும் வரலாறே. கொடியில் கிழிந்த ஆடைகள் முழுதும் தைக்கப்படவில்லை போலும்!

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டமும் ஒரு கூட்டமே. நம்முள் ஒருவர் கவிதை பாராட்டப்படும்போது பிறர் முகம் எவ்வாறு இருக்கிறது? புதிதாய் வந்த ஒருவர் கைபற்றி நடக்கப்படும்போது நம்மிடையே முணுமுணுப்பு எழுகிறதா? இவ்வினாக்களுக்கு மேடையில் விடை வேண்டா. அவரவர் வீட்டுக் கொடியில், விடியற்காலையில் கிடைத்தால் போதும்.