கியூபிசம் தீட்டிய ககனேந்திரர்

கல்கத்தா ஜோராசாங்கோ மாளிகையில் 1867-ல் பிறந்தவர் ககனேந்திரநாத் தாகூர். மகாகவி ரவீந்திரர் இவருக்குச் சித்தப்பா முறை. பதினான்கு வயதிலேயே தந்தையை இழந்தார். தம் கேலிச் சித்திரங்கள் ஒரே சுவரோடு நின்றுவிடாமல் பலரிடமும் சேர, அவற்றைக் கல் அச்சில் பதித்து 1917-ல் தொகுப்புகளாக வெளியிட்டார். பிறகு, உருவங்களைப் பட்டை பட்டையாக உடைத்துக் காட்டும் கியூபிச முறை அவரை ஈர்த்தது. பாரிஸ் ஓவியர்கள் கிட்டாரையும் மேஜையையும் உடைத்தனர். இவரோ வீட்டு மாடிப்படிகளில் விழும் ஒளியையும் நிழலையும் உடைத்தார். 1922-ல் கல்கத்தாவில், ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளிப் படங்களுடன் இவர் படங்களும் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1930-ல் பக்கவாதம் தாக்கி, தூரிகை ஓய்ந்தது. 1938-ல் காலமானார். பிக்காசோ படங்களின் அக்ரிலிக் நகலை வாங்கிக் கூடத்தில் மாட்டுவோர், பக்கத்திலேயே நம் நாட்டு ககனேந்திரருக்கும் ஓர் ஆணி அடிக்கலாமே!