கல்லே தெர்மாமீட்டர்: 15 கோடி ஆண்டு பழைய கடலின் வெப்பத்தை அளந்த ஹெரால்ட் யூரி

சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சின்ன கடல் உயிரினம் மூன்று கோடை, நான்கு குளிர்காலம் பார்த்துவிட்டு, ஒரு வசந்த காலத்தில் இறந்துபோனது. அது வாழ்ந்த தண்ணீரின் சராசரி வெப்பநிலை 17.6 டிகிரி செல்சியஸ். கூடவே இருந்து பார்த்த மாதிரி இதையெல்லாம் 1951-ல் சொன்னது, அமெரிக்க வேதியியலாளர் ஹெரால்ட் யூரியின் குழு.

யார் இந்த யூரி?

1893-ல் இண்டியானா மாநிலத்தின் வாக்கர்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். ஆறு வயதிலேயே அப்பாவை இழந்தார். கிராமத்துப் பள்ளிகளில் வாத்தியாராக வேலை பார்த்துவிட்டுத்தான் கல்லூரிக்கே போனார். முதலில் படித்தது விலங்கியல். பிறகுதான் வேதியியல் பக்கம் வந்தார்.

1931-ல், சாதாரண ஹைட்ரஜனைவிட கனமான டியூட்டீரியத்தைக் கண்டுபிடித்தார். ஒரே தனிமத்தில் இப்படி எடை மட்டும் மாறுபடும் அணுக்களுக்குப் பெயர்தான் ஐசோடோப்பு. இதற்காக 1934-ல் நோபல் பரிசு கிடைத்தது. மனைவிக்குப் பிரசவ நேரம் என்பதால் விழாவுக்கே அவர் போகவில்லை.

அணுகுண்டு தந்த வலி

ஐசோடோப்புகளைப் பிரிப்பதில் கில்லாடி என்பதால், இரண்டாம் உலகப் போரில் யுரேனியத்தைப் பிரிக்கும் ரகசியப் பணி அவரிடம் வந்தது. ஆனால், அந்தக் குண்டை நினைத்து அவருக்கே பயம் வந்துவிட்டது. 1945 மே மாதம், விஞ்ஞானி லியோ சிலார்டுடன் போய், அடுத்து வெளியுறவு அமைச்சராகவிருந்த ஜேம்ஸ் பைரன்ஸைச் சந்தித்து எச்சரித்தார். பலன் இல்லை. ஆகஸ்டில் ஹிரோஷிமா மீது குண்டு விழுந்தது.

போர் முடிந்ததும் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். அணு ஆயுதங்களுக்கு எதிராகப் பேசினார். ஆய்வகத்தில் அதே ஐசோடோப்பு அறிவைக் கடல் ஓடுகள் பக்கம் திருப்பினார்.

கல் எப்படி வெப்பம் காட்டும்?

இயற்கையில் சுமார் 500 ஆக்ஸிஜன் அணுக்களில் ஒன்று கனமான ஆக்ஸிஜன்-18. கடல் உயிரினம் ஓடு கட்டும்போது, தண்ணீர் குளிராக இருந்தால் இது ஓட்டில் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். ஒரு டிகிரிக்கு வித்தியாசம் வெறும் 0.02 சதவீதம்தான். அதை அளக்கிற அளவுக்குத் துல்லியமான கருவியை யூரியின் குழு உருவாக்கியது. முதலில் சொன்ன உயிரினம், கணவாயின் தூரத்து உறவான பெலம்னைட். மரத்தின் வளையங்களைப் போல வளர்ந்த அதன் உள்கூட்டை அடுக்கடுக்காகச் சுரண்டி, பருவங்களைக் கணக்கிட்டார்கள்.

இன்று என்ன பயன்?

மேகம் மலையேறும்போது கனமான ஆக்ஸிஜன் உள்ள நீர் முதலில் மழையாக இறங்கிவிடும். மேலே போகப் போக, மழைநீரில் அது குறையும். அந்த நீரில் உருவான பழைய ஏரி, மண் படிவங்களில் இந்தக் கணக்கு அப்படியே பதிந்திருக்கும். திபெத் பீடபூமி எப்போது, எவ்வளவு உயர்ந்தது என்பதை ஆய்வாளர்கள் இன்று இப்படித்தான் தேடுகிறார்கள்.

யூரி 1981-ல் மறைந்தார். குண்டுக்குப் பயன்பட்ட அதே அறிவுதான், இன்று பூமியின் பழைய காலநிலையைப் படிக்கவும் உதவுகிறது.