நார்னியா கண்ட லூயிஸ்

நூல்கள் ஏழு, அவற்றுள் முதலிற் கற்கத்தக்கது யாது? நார்னியா என்னும் கற்பனை நாட்டின் கதைகளைக் கையிலெடுப்பார் பலர்க்கும் இவ்வினா எழுவதுண்டு. எமக்கு அது எழவில்லை; அதுவே எம் குறை. சிறுவயதில் உறவினர் ஒருவர் எமக்குப் பரிசாக அளித்த பெட்டியில் ஏழு நூல்களும் முதுகில் எண்ணிடப்பட்டு அடுக்கப்பெற்றிருந்தன. ஒன்று என்னும் எண்ணைக் கண்டதும் அதனையே முதலில் எடுத்து, பின்னர் இரண்டு, மூன்று என முறையே கற்று முடித்தோம். ஆசிரியர் அவற்றை அவ்வரிசையில் ஆக்கவில்லை என்பதைக் கல்லூரிக்கு வந்த பின்னரே அறிந்தோம். அறிந்த அன்று, எம் பொருள் ஒன்றனை எவரோ எமக்குத் தெரியாமல் எடுத்துச் சென்றதுபோல் வருந்தினோம். அப்பொருள் இன்னதென்று கூறுமுன், அந்நூல்களை ஆக்கிய பெரியாரின் வரலாற்றைச் சிறிது கூறல் வேண்டும். எவ்வரிசை தக்கது என்னும் வினாவிற்கு விடை அவர் வாழ்விலேயே அமைந்துள்ளது என்பது எம் துணிபு.

கிளைவ் ஸ்டேபிள்ஸ் லூயிஸ் 1898ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29ஆம் நாள் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரிற் பிறந்தார். தந்தையார் ஆல்பர்ட் சட்டத்தொழில் புரிந்தவர். அன்னையார் புளோரா, மகளிர் உயர்கல்வி அரிதாயிருந்த அக்காலத்திலேயே கணிதத்திற் பட்டம் பெற்றவர். தமையனார் வாரன் மூன்றாண்டு மூத்தவர். 1905இல் இக்குடும்பம் குடியேறிய பெருமனையிலே நீண்ட நடைகளும், ஆளரவமற்ற மேன்மாடத்து அறைகளும், எங்கு நோக்கினும் நூல்களும் இருந்தன. மழை ஓயாத அவ்வூரில் சிறுவர் இருவரும் வீட்டினுள் அடைபட்டிருந்து தத்தமக்கென ஒவ்வோர் உலகு படைத்துக்கொண்டனர். இளையவர் படைத்தது ஆடையணிந்து உரையாடும் விலங்குகளின் நாடு. மூத்தவர் படைத்ததோ இரயில்வண்டிகளும் கப்பல்களும் நிறைந்த இந்தியா! பின்னர் இரண்டினையும் இணைத்துப் பாக்ஸன் எனப் பெயரிட்டனர். இணைக்குங்கால் எழுந்த இடரைப் போக்க, இமயத்தின் பின்புறத்தே ஒரு கடற்கரையை அமைத்து, நம் நாட்டைத் தீவாக்கிவிட்டனர். பூகோளம் பயின்றார் பொறுப்பாராக.

1908இல் அன்னையாரைப் புற்றுநோய் பற்றியது. வீட்டிலேயே அறுவை மருத்துவம் நிகழ்ந்தது. தாம் நம்பி வேண்டினால் அன்னை பிழைப்பார் என்று ஒன்பது வயதுச் சிறுவர் இறைவனை வேண்டினார். அன்னையார் பிழைக்கவில்லை, ஆகஸ்டுத் திங்கள் 23ஆம் நாள், தந்தையாரின் பிறந்தநாளன்று, உயிர் நீத்தார். சில கிழமைகளுக்குள் சிறுவர் கடல் கடந்து இங்கிலாந்திலுள்ள உறைவிடப் பள்ளிக்கு அனுப்பப்பெற்றார். இவ்வொரு கோடையை வாசகர் நினைவில் இருத்துக. யாம் மீண்டும் இதற்கே வருவோம்.

பள்ளிகள் பல மாறின. இறைநம்பிக்கையும் அவரை விட்டு நீங்கிற்று. 1914இல் கிர்க்பாட்ரிக் என்னும் முதியவரிடம் தனிமாணாக்கராய்ச் சேர்ந்தார். அவ்வாசானோ பதவுரையும் முன்னுரையும் கூறி மாணாக்கரை ஆயத்தம் செய்யாது, ஹோமரின் காவியத்தைத் திறந்து நேரே அதன் நடுவிற் கொண்டுபோய் நிறுத்துபவர். அக்காலத்தில், ஏறத்தாழப் பதினாறாம் வயதில், லூயிஸின் உள்ளத்தில் ஒரு காட்சி தோன்றிற்று: பனி பொழியும் கானகத்தில், இடைக்குக் கீழ் ஆட்டின் உருவுடைய ஒருவன் குடையும் சில பொட்டலங்களும் ஏந்திச் செல்கின்றான். அவன் யார், எங்குச் செல்கின்றான் என்பவை அவருக்கே தெரியா. காட்சி மட்டும் நின்றது. கதை வர முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின.

இடைப்பட்ட ஆண்டுகளை விரைந்து கடப்போம். முதல் உலகப் போரில் தம் பத்தொன்பதாம் பிறந்தநாளன்று பிரான்சின் போர்முனையை அடைந்தார். 1918 ஏப்ரலில் காயமுற்றார். எம் வயதினர் ஒருவர் பிறந்தநாளைப் பதுங்குகுழியிற் கழித்தார் என்பதை எண்ணுங்கால் தேர்வு குறித்து யாம் கொள்ளும் அச்சம் நாணத்தக்கதாகின்றது. ஆக்ஸ்போர்டில் மூன்று துறைகளில் முதல் வகுப்பிற் தேறி, 1925இல் மாடலின் கல்லூரியில் ஆசிரியரானார். 1931இல், டால்கியன், டைசன் என்னும் நண்பர் இருவருடன் நள்ளிரவு கடந்தும் உரையாடிய சில நாட்களுக்குள் கிறிஸ்துவை விசுவசித்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வானொலியில் அவர் ஆற்றிய சமயச் சொற்பொழிவுகள் நாடெங்கும் அவர் பெயரைப் பரப்பின. 1954இல் கேம்பிரிட்ஜில் பேராசிரியராயினார்.

இனி நார்னியாவிற்கு வருவோம். 1939இல் போரை முன்னிட்டு இலண்டனிலிருந்து அகற்றப்பட்ட சிறுமியர் சிலர் லூயிஸின் இல்லத்திற் தங்கினர். அப்போது நான்கு சிறாரைப் பற்றிய கதையொன்றைத் தொடங்கி, அவ்வாறே விட்டுவிட்டார். ஏறத்தாழப் பத்தாண்டு கழித்து மீண்டும் எடுத்தபோது, அவர் எண்ணியிராதவாறு அஸ்லான் என்னும் அரிமா கதையினுட் பாய்ந்து புகுந்து அனைத்தையும் தன்பால் ஈர்த்துக்கொண்டது. சிங்கமும் சூனியக்காரியும் அலமாரியும் என்னும் அந்நூல் 1950இல் வெளிவந்தது. டால்கியனுக்கு அது பிடிக்கவில்லை. ரோஜர் லான்ஸலின் கிரீன் என்னும் நண்பரோ அதனைப் போற்றியதோடு ஒரு வினாவும் விடுத்தார்: பனிக்கானகத்தின் நடுவே தெருவிளக்குக் கம்பம் ஒன்று நிற்கின்றதே, அஃது அங்கு எவ்வாறு வந்தது?

ஆசிரியருக்கே விடை தெரியாது. விடை காணும்பொருட்டு உடனே ஒரு கதையைத் தொடங்கினார், அது நகரவில்லை. அதனை ஒதுக்கிவிட்டுக் காஸ்பியன் இளவரசனையும், கிழக்குக் கடலிற் செல்லும் கப்பலின் கதையையும், குதிரையும் அதன் சிறுவனும், வெள்ளி நாற்காலி என்பவற்றையும் எழுதினார். நார்னியாவின் முடிவைக் கூறும் இறுதிப் போரின் கையெழுத்துப்படியும் உருவாயிற்று. அதன் பின்னரே, தொடங்கி ஏறத்தாழ ஐந்தாண்டு கழித்து, 1954இல் அப்பழைய கதை நிறைவெய்தியது. மந்திரவாதியின் மருமகன் என்னும் பெயருடன் 1955இல் ஆறாவது நூலாக வெளிவந்தது. நார்னியா படைக்கப்பட்ட நாளைக் கூறுவதாதலின், காலத்தால் முற்பட்ட கதை அதுவே. எழுதி முடிக்கப்பட்டவற்றுள்ளோ அதுவே கடையாயது.

அவ்வாறு தாழ்த்தது ஏன்? கதையைக் கற்றார் அறிவர். டிகரி என்னும் சிறுவனின் அன்னை இலண்டனில் மரணப்படுக்கையிற் கிடக்கின்றாள். தாய்மாமனின் மந்திரத்தால் வேற்றுலகு புகுந்த அவன், நோய் தீர்க்கும் கனியொன்று தன் கைக்கெட்டும் தொலைவில் இருப்பதைக் காண்கின்றான். அதனைக் களவாடிச் சென்று அன்னைக்கு ஊட்டுமாறு சூனியக்காரி தூண்டுகின்றாள். அவன் மறுத்து, வாக்களித்தவாறே கனியை அரிமாவிடம் ஒப்புவிக்கின்றான். அவன் துயருக்காக அரிமாவின் கண்களிலும் நீர் நிறைந்திருந்தமையை அவன் முன்னரே கண்டிருந்தான். பின்னர் அரிமாவே அவனுக்கொரு கனி அளிக்க, அன்னை பிழைக்கின்றாள். 1908ஆம் ஆண்டுக் கோடையில் பெல்பாஸ்டில் நிகழாதது இங்கு நிகழ்ந்துவிட்டது. தம் இளமை வரலாற்றையும் லூயிஸ் 1955இலேயே வெளியிட்டார். அன்னையாரின் பிணியறை அந்நூலிலும் உண்டு. வாழ்வில் முதலில் நேர்ந்த துயரத்தைக் கூற அவருக்கு ஏனைய கதைகள் அனைத்தையும் எழுதிக் கடந்து வரவேண்டியிருந்தது என்றே யாம் கருதுகின்றோம்.

எம் பெட்டியில் ஒன்று என எண்ணிடப்பட்டிருந்தது இந்நூலே. 1994இல் அமெரிக்காவில் வெளிவந்த பதிப்பு கதை நிகழ்ந்த கால அடைவில் எண்ணிட்டது. அவ்வெண்ணே இன்றும் பெருவழக்கு. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பெறுவது 1957 ஏப்ரலில் லூயிஸ் எழுதிய ஒரு கடிதம். அவர் அதற்கு முந்திய ஆண்டு மணந்த ஜாய் அம்மையார், அன்னையாரைக் கவர்ந்த அதே நோயால் அக்காலத்திற் படுக்கையிலிருந்தார், 1960இல் மறைந்தார். அத்துயரினிடையும், நூல்களின் வரிசை குறித்துத் தன் தாயுடன் மாறுபட்ட அமெரிக்கச் சிறுவனுக்கு லூயிஸ் விடை எழுதினார். கால அடைவே வேண்டுமென்ற சிறுவனின் பக்கமே தாமும் சாய்வதாகவும், ஆயினும் எவ்வரிசையிற் கற்பினும் பெரிதும் வேறுபாடின்று போலும் என்றும் அதிற் கூறியுள்ளார். குழந்தைக்கு அன்புடன் எழுதிய விடையைச் சட்டமாக்கியது பின்வந்தோர் செயல்.

எம் இழப்பு இதுதான். அலமாரியினுட் புகுந்த லூசி பனியினிடையே விளக்கைக் கண்டு திகைக்குங்கால் யாம் திகைக்கவில்லை. அக்கம்பம் அங்கு முளைத்த வரலாறு எமக்கு முன்னரே தெரியும். அலமாரியின் மரம் எத்தோட்டத்தது என்பதும் தெரியும். அஸ்லான் என்னும் பெயரைச் சிறார் நால்வரும் முதன்முதற் கேட்டு உள்ளம் சிலிர்க்குமிடத்து, அவன் யாரென்று அவர்களைப் போலவே வாசகரும் அறியார் என்று ஆசிரியர் கொண்டு எழுதுகின்றார். யாமோ அறிந்திருந்தோம். விடுதி நண்பர் ஒருவர் இதனை மறுத்து, சிலப்பதிகாரத்தின் பதிகம் கதை முழுவதையும் முன்னரே கூறிவிடவில்லையா, அதனாற் சுவை குன்றியதா என வினவினார். நல்ல வினாவே. ஆனால் அப்பதிகம் எங்கே தொடங்குகின்றது? வேங்கை மரத்தடியில் ஒரு முலை இழந்து நின்ற பெண்ணொருத்தியைக் குன்றக் குறவர் கண்ட வியப்பிலன்றோ தொடங்குகின்றது? அவள் யாரென்று சாத்தனார் கூறுவது அதன் பின்னரே. நண்பர் அன்றிரவு விடை கூறவில்லை; இன்னும் ஒப்புக்கொள்ளவுமில்லை.

லூயிஸ் 1963ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 22ஆம் நாள் தம் இல்லத்திலே இறந்தார். அமெரிக்கத் தலைவர் கென்னடி சுடப்பட்டதும் அன்றேயாதலின், அச்செய்தியின் பேரொலியில் இச்செய்தி பலர் செவியிற் படவில்லை.

சென்ற விடுமுறையில் அப்பெட்டியை எம் தங்கைக்குக் கொடுத்தோம். இரண்டு, நான்கு, ஐந்து, ஆறு, மூன்று, ஒன்று, ஏழு என்று ஒரு தாளில் எழுதி மூடியில் ஒட்டினோம். அத்தாளை நம்பாமல், எண் ஒன்று இட்ட நூலை எம் துணிப்பெட்டியில் இட்டு விடுதிக்குக் கொணர்ந்துவிட்டோம். அவள் இப்பொழுது வெள்ளி நாற்காலியைக் கற்கின்றாள். ஒன்றாம் நூல் எங்கே என்று கேட்டு இதுவரை இருமுறை எழுதியிருக்கின்றாள்.